பெண் எம்.பி.யின் அரசியல் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக்களிலும் கல்லூரிகளிலும் தேர்தல், நாடாளுமன்றம் பற்றிப் பேசப் போனால் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஊடகத்தில் நாம் பார்ப்பது ஒரு எம்.பி.யின் இரண்டு நிமிட ஆவேசப் பேச்சை. அவருடைய வேலையில் அது மிகச் சிறிய பகுதி. மீதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். கட்சிகளின் பெயர் வருவதெல்லாம் உதாரணத்துக்காக மட்டுமே.

1. எம்.எல்.ஏ. இருக்காரே, அப்புறம் எம்.பி. எதுக்கு? எங்க தெரு சாக்கடைக்கு யாரைக் கேட்கணும்?

சாக்கடைக்கு இருவருமே இல்லை. உங்கள் வார்டு கவுன்சிலரையோ ஊராட்சித் தலைவரையோ கேட்க வேண்டும். காவல்துறை, அரசுப் பள்ளி, ரேஷன் கடை, மாநில நெடுஞ்சாலை போன்றவை மாநில அரசின் கையில் இருப்பவை. அவற்றைச் சட்டமன்றத்தில் எழுப்புவது எம்.எல்.ஏ.வின் வேலை. ரயில், தேசிய நெடுஞ்சாலை, துறைமுகம், பாஸ்போர்ட், வங்கி, வருமான வரி, வெளியுறவு ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு, எம்.பி. அங்கே பேச வேண்டியவர்.

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. அதனால் ஒரு எம்.பி. ஆறு எம்.எல்.ஏ.க்களோடு ஒத்துப்போயாக வேண்டும். அவர்களில் சிலர் எதிர்க்கட்சியினராகவும் இருப்பார்கள். இவ்வளவு சொன்னாலும், எம்.பி. மனு வாங்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள், சாக்கடை மனுதான் முதலில் வரும். “அது என் வேலை இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போக முடியாது.

2. லோக்சபா எம்.பி., ராஜ்யசபா எம்.பி. ரெண்டும் ஒண்ணுதானே?

சம்பளம் ஒன்றுதான், வழி வேறு. மக்களவைக்கு, அதாவது லோக்சபாவுக்கு, நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். மொத்தம் 543 இடங்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 39. ஐந்தாண்டுப் பதவி, அவை முன்பே கலைக்கப்பட்டால் அன்றோடு முடிந்தது. மாநிலங்களவை உறுப்பினரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறாண்டுப் பதவி, தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஒரே நேரத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால், 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடும்போது ஜெயிக்க 34 ஓட்டு தேவை. இவர்களைத் தவிர 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

3. எம்.பி. ஆக என்ன படிச்சிருக்கணும்? எத்தனை வயசு?

படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. மக்களவைக்கு 25 வயது, மாநிலங்களவைக்கு 30. இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும், நாட்டில் ஏதோ ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் ஓட்டு இருப்பவர் வடசென்னையில் நிற்கலாம், வாரணாசியிலும் நிற்கலாம். அரசு ஊழியராக இருந்தால் வேலையை விட்ட பிறகுதான்.

2019-ல் ஒடிசாவின் கியோஞ்சர் தொகுதியில் ஜெயித்த சந்திராணி முர்முவுக்கு அப்போது வயது 25. பொறியியல் படித்துவிட்டு அரசு வேலைக்கான தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண்.

4. இப்போ எத்தனை பெண்கள் இருக்காங்க? நம்ம ஊர்ல இருந்து யாரு?

2024 தேர்தலில் மக்களவைக்கு 74 பெண்கள் தேர்வானார்கள். 543-ல் 74 என்றால் 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2019-ல் 78 பேர் இருந்தார்கள். அதாவது எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து 2024-ல் ஜெயித்த பெண்கள் ஐந்து பேர்: தூத்துக்குடியில் கனிமொழி, தென்சென்னையில் தமிழச்சி தங்கபாண்டியன், தென்காசியில் ராணி ஸ்ரீகுமார், கரூரில் ஜோதிமணி, மயிலாடுதுறையில் சுதா. உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கும் மாநிலம் இது. அப்படிப் பார்த்தால் 39-ல் 5 என்பது பெருமைப்படுகிற கணக்கு இல்லை.

5. முதன்முதல்ல போனவங்க எல்லாம் பெரிய வீட்டுப் பெண்கள்தானே?

பாதி உண்மை. சுதந்திரத்துக்கு முன்பே, 1938-ல், அப்போதைய மத்திய மேலவைக்குப் போன முதல் பெண் ராதாபாய் சுப்பராயன். கணவர் சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர், ஜமீன் குடும்பம். 1952-ல் திண்டுக்கல்லில் ஜெயித்த அம்மு சுவாமிநாதன், அதற்கு முன் அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தவர். சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞரின் மனைவி. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமி அவருடைய மகள்.

அடுத்தது சௌந்தரம் ராமச்சந்திரன். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதிலேயே விதவையாகி, அதன் பிறகு மருத்துவம் படித்தார், மறுமணம் செய்துகொண்டார், காந்திகிராமத்தை உருவாக்கினார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர். பெரிய வீடுதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதே ஒரு போராட்டமாக இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ராதாபாயின் மகள் பார்வதி கிருஷ்ணன் எனக்குப் பிடித்த உதாரணம். அப்பா காங்கிரஸ்காரர், மகள் கம்யூனிஸ்ட். கோவை ஆலைத் தொழிலாளர்களிடையே சங்கப் பணி செய்து, மாநிலங்களவையில் ஒரு சுற்று இருந்துவிட்டு, 1957-ல் கோவை எம்.பி. ஆனார், 1974 இடைத்தேர்தலிலும் 1977-லும் அதே தொகுதியில் மறுபடி ஜெயித்தார். மரகதம் சந்திரசேகரையும் மறக்கக் கூடாது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து 1952-லேயே மக்களவைக்குப் போனவர், மத்தியில் துணை அமைச்சராக இருந்தவர், 1980-களிலும் ஸ்ரீபெரும்புதூரில் ஜெயித்தவர்.

6. அரசியல் குடும்பத்துல பிறக்கலைன்னா சான்ஸே இல்லையா?

இருக்கிறது, நாள் ஆகும். ஜோதிமணி உள்ளாட்சியில் தொடங்கி, இளைஞர் காங்கிரஸ் வழியாக வந்தவர். 2011 சட்டமன்றத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் தோற்று, 2019-ல்தான் கரூரில் ஜெயித்தார். ஒடிசாவின் அஸ்கா தொகுதியில் 2019-ல் ஜெயித்த பிரமிளா பிசோய் சுய உதவிக் குழுவில் வேலை செய்து மேலே வந்தவர்; ஜெயித்தபோது 70 வயதை ஒட்டியிருந்தார்.

குடும்பப் பின்புலம் இருந்தால் சீட் சீக்கிரம் கிடைக்கும் என்பதை மறுக்க முடியாது. அது ஆண்களுக்கும் அப்படித்தான். ஆனால் ஆண் வாரிசைப் பார்த்து “இவர் சொந்தமா பேசுவாரா?” என்று யாரும் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

7. சீட் வாங்க எவ்வளவு செலவாகும்?

சட்டப்படி ஆகும் செலவைச் சொல்கிறேன். மக்களவைக்கு டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர். வேட்பாளர் செய்யக்கூடிய செலவுக்கு உச்சவரம்பு, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில், 95 லட்சம் ரூபாய். சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். கணவரின் சொத்தும் அதில் வரும்.

இந்த 95 லட்சம் வேட்பாளர் செலவுக்கு மட்டும்தான். கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. பூத் ஏஜென்டுகளுக்குச் சாப்பாடு, வண்டி, மேடை என்று பணம் கரையும் இடம் பெரியது. சொந்தப் பெயரில் சொத்தில்லாத பெண் இங்கேதான் பின்தங்குகிறாள். கட்சி நேர்காணலில் “எவ்வளவு செலவு பண்ணுவீங்க?” என்ற கேள்வி வந்தால், அவள் வீட்டில் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

8. பெண்களை நிறுத்தினா ஜெயிக்க மாட்டாங்கன்னு கட்சிக்காரங்க சொல்றாங்களே, உண்மையா?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2024-ல் நாடு முழுக்க 8,360 வேட்பாளர்கள். அதில் பெண்கள் 800, பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஜெயித்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய 14 சதவீதம். ஆண் வேட்பாளர்களில் டெபாசிட் இழக்கும் சுயேச்சைகள் ஏராளம், அதனால் இந்த ஒப்பீடு துல்லியமானது இல்லை. ஆனாலும் “மக்கள் பெண்ணுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள்” என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. அந்தத் தேர்தலில் 152 தொகுதிகளில் பெண் வேட்பாளரே இல்லை. அங்கெல்லாம் மக்கள் எங்கே போய் ஓட்டுப் போடுவது?

இரண்டு கட்சிகளைப் பாருங்கள். ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 2019-ல் 21-ல் 7 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. 5 பேர் ஜெயித்தார்கள். நாம் தமிழர் கட்சி 2019-லும் 2024-லும் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டும் சேர்ந்த 40-ல் 20 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. ஒருவரும் ஜெயிக்கவில்லை, அந்தக் கட்சியின் ஆண்களும் ஜெயிக்கவில்லை. ஆக, ஜெயிக்கிற கட்சி ஜெயிக்கிற தொகுதியைக் கொடுக்கிறதா என்பதுதான் விஷயம். கூட்டணிப் பங்கீட்டில் கடைசியில் மிஞ்சும் தொகுதியைக் கொடுத்துவிட்டு, தோற்றதும் “பார்த்தீங்களா” என்று சொல்வது பழைய வழக்கம்.

9. அதான் 33 சதவீதம் சட்டம் வந்துடுச்சே, இனிமே தானா நடந்துடுமே?

தானாக நடக்காது. மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் இந்த மசோதா 1996-ல் தேவகவுடா ஆட்சியில் முதன்முதலில் வந்தது. 2010-ல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் எடுக்கப்படாமலே காலாவதியானது. 2023 செப்டம்பரில் மறுபடி கொண்டுவரப்பட்டு மக்களவையில் 454-க்கு 2, மாநிலங்களவையில் 214-க்கு 0 என்ற ஓட்டுக் கணக்கில் நிறைவேறியது. அரசியல் சாசனத்தின் 106-வது திருத்தம்.

அதன் வாசகத்தைப் படித்தால் ஒரு நிபந்தனை இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகி, அதை வைத்துத் தொகுதி மறுவரையறை நடந்த பிறகுதான் ஒதுக்கீடு தொடங்கும். தொகுதி மறுவரையறை தென்மாநிலங்களுக்கு எவ்வளவு கசப்பான விஷயம் என்பது நமக்குத் தெரியும். பெண்களுக்கான இடத்தை அதோடு கட்டிவைத்தது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை.

வேறு சில விவரங்கள்: மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், டெல்லி சட்டமன்றம் ஆகியவற்றுக்குத்தான் இது, மாநிலங்களவைக்குக் கிடையாது. தனித்தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்குத் தனி உள்ஒதுக்கீடு இல்லை. ஆரம்பத்தில் 15 ஆண்டுகளுக்கு.

10. சம்பளம் எவ்வளவு? பெண்களுக்கு வேற மாதிரியா?

ஒரே சம்பளம்தான். 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு மாதம் 1,24,000 ரூபாய். அவை நடக்கும் நாட்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் நாளுக்கு 2,500 ரூபாய் தினப்படி. தொகுதிப் படி, அலுவலகப் படி தனி. டெல்லியில் வீடு, ஆண்டுக்கு 34 விமானப் பயணங்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தொகுதியில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று ஒரு நாளில் எத்தனை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியும்?

11. வருஷம் 5 கோடி கையில குடுப்பாங்களாமே?

கையில் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்கள். தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993-ல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி. எம்.பி. பரிந்துரை மட்டும்தான் செய்யலாம். அதை ஆய்வு செய்து ஒப்புதல் தருவது, வேலையை நடத்துவது, பணம் பட்டுவாடா செய்வது எல்லாம் மாவட்ட நிர்வாகம். ஆண்டு நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும். மக்களவை எம்.பி. தன் தொகுதிக்கும், மாநிலங்களவை எம்.பி. தன் மாநிலத்தில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம்.

ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து 5 கோடி என்று வகுத்துப் பாருங்கள். ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு ஒரு கோடியும் தேறாது. பள்ளிக் கழிப்பறை, பேருந்து நிழற்குடை, அங்கன்வாடிக் கட்டடம், அவ்வளவுதான் செய்ய முடியும்.

12. டெல்லிக்குப் போய் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாங்க? டிவில பார்த்தா சத்தம்தான் கேக்குது.

டிவியில் வராத இடத்தில்தான் வேலை நடக்கிறது. முதலில் கேள்வி நேரம். 15 நாட்களுக்கு முன்பே எழுத்தில் கேள்வி கொடுத்துவிட வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் அப்படிப் பட்டியலில் வரும், அதுவும் குலுக்கலில். நட்சத்திரக் குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். யாரும் கவனிக்காத இந்த எழுத்துப் பதில்களில்தான் விஷயம் இருக்கிறது: எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழிக்கவில்லை என்பது அரசின் வாயிலிருந்தே வந்துவிடும். அந்த ஒரு தாளை வைத்து மாவட்டத்தில் ஓராண்டு சண்டை போடலாம்.

அடுத்தது ஜீரோ அவர். அவசர விஷயத்தை ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். மீனவர் கைதான செய்தி வந்தால் தமிழக எம்.பி.க்கள் எழுந்திருப்பது இந்த நேரத்தில்தான்.

அப்புறம் நிலைக்குழுக்கள். துறைவாரியாக 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மூடிய அறைக்குள் நடக்கும் கூட்டம், கேமரா கிடையாது. அதனால் எல்லாக் கட்சியினரும் ஓரளவு நியாயமாகவே பேசுவார்கள், அதிகாரிகளை நேராக உட்காரவைத்துக் கேட்கலாம். நுகர்வோர், உணவு, பொது விநியோகத் துறை நிலைக்குழுவுக்கு 2024-ல் தலைவரானவர் கனிமொழி. பெண்களுக்கான திட்டங்களைப் பார்க்க 1997 முதல் ஒரு தனிக் குழு இருக்கிறது. ஆனால் பெண் எம்.பி. என்றாலே அந்தக் குழுவில் தள்ளிவிடும் பழக்கமும் உண்டு. நிதி, பாதுகாப்புக் குழுக்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

13. இந்தி தெரியாதே, அங்க போய் என்ன பண்றது?

தமிழில் பேசலாம். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் பேச வழி இருக்கிறது. உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலம் தெரிந்தால் குழுக் கூட்டங்களில் வேலை சுலபம். தெரியாவிட்டால் நல்ல உதவியாளர் ஒருவர் வேண்டும். அவை நடைமுறை விதிகள்தான் இந்தியைவிடக் கடினம். அதைக் கரைத்துக் குடித்தவர்களைப் பேச விடாமல் உட்காரவைப்பது சுலபமில்லை.

14. ஒரே ஒரு எம்.பி. தனியா சட்டம் கொண்டுவர முடியுமா?

கொண்டுவரலாம், நிறைவேறுவதுதான் அரிது. அமைச்சரல்லாத எவரும் தனிநபர் மசோதா தாக்கல் செய்யலாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் விவாதிப்பார்கள். இதுவரை 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-ல். அந்தப் பதினான்கில் ஒன்று கார்வால் பகுதியிலிருந்து சுயேச்சையாக ஜெயித்து முதல் மக்களவைக்கு வந்த கமலேந்துமதி ஷா கொண்டுவந்தது: பெண்கள், குழந்தைகள் காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற 1956-ம் ஆண்டுச் சட்டம்.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ருக்மணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை உருவாக்கிய அவர், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மசோதா தோற்றாலும், திரும்பப் பெற்றாலும், அரசை அசைக்க முடியும் என்பதற்கு இது ஒன்று போதும்.

15. மனசாட்சிப்படி கட்சிக்கு எதிரா ஓட்டுப் போடலாமா?

பேசலாம், ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தரும் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் தகுதி நீக்கம் கேட்கலாம். முடிவெடுப்பது அவைத் தலைவர். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். அதனால் 12-வது பதிலில் சொன்ன குழுக் கூட்டங்கள் முக்கியம். அங்கே கொறடா உத்தரவு கிடையாது.

16. எம்.பி.க்குப் பிரசவ லீவு உண்டா?

இல்லை. மகப்பேறு பலன் சட்டம் ஊழியர்களுக்கானது, எம்.பி. யாருக்கும் ஊழியர் அல்ல. அவையிடம் அனுமதி கேட்டு வராமல் இருக்கலாம். அனுமதி இல்லாமல் 60 நாட்கள் வராவிட்டால், இடம் காலியானதாக அவை அறிவிக்க அரசியல் சாசனம் இடம் தருகிறது. விடுப்பில் இருக்கும்போது சம்பளம் வரும், தினப்படி வராது. அவருக்குப் பதிலாக வேறு யாரும் ஓட்டுப் போடவும் முடியாது.

2022 டிசம்பரில் மகாராஷ்டிர எம்.எல்.ஏ. சரோஜ் அஹிரே கைக்குழந்தையோடு நாக்பூர் சட்டமன்றத்துக்கு வந்தது நாடெங்கும் செய்தியானது. அது செய்தியாகும் அளவுக்குத்தான் நம் அவைகள் பெண்களைப் பார்த்துப் பழகியிருக்கின்றன.

17. பேருக்குத்தான் அவங்க எம்.பி., எல்லாம் வீட்டுக்காரர்தான் பார்க்கிறாருன்னா?

ஊராட்சியில் இது நிறைய நடக்கிறது, மறுப்பதற்கில்லை. நாடாளுமன்றத்தில் அவ்வளவு சுலபமில்லை. அவையில் அவர் இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது, நிலைக்குழுவிலும் முடியாது. மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவுக்கு மக்களவை எம்.பி.தான் தலைமை தாங்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் உட்பட அதிகாரிகள் எல்லோரும் எதிரே இருப்பார்கள். இரண்டு கூட்டத்தில் தெரிந்துவிடும், யார் கோப்பைப் படித்துவிட்டு வந்தார் என்று.

கேள்வி அனுப்பும் இணையதளத்தின் பாஸ்வேர்டை அடுத்தவரிடம் கொடுப்பது தனி ஆபத்து. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 21-வது பதிலில் பாருங்கள்.

18. ஆன்லைன்ல அசிங்கமா எழுதுவாங்களே, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

நியாயமான பயம். 2019 தேர்தல் காலத்தில் 95 இந்தியப் பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்விட்டர் பதிவுகளை அம்னெஸ்டி அமைப்பு ஆராய்ந்தது. ஏழில் ஒன்று இழிவானதாகவோ பிரச்சினைக்குரியதாகவோ இருந்தது. உடை, உடம்பு, கல்யாணம் ஆகாதது, குழந்தை இல்லாதது என்று எதையும் விடுவதில்லை.

அனுபவமுள்ளவர்கள் செய்வது இது: பதிவுகளை எம்.பி. தானே உட்கார்ந்து படிப்பதில்லை, அலுவலகத்தில் ஒருவர் பார்ப்பார். கொலை மிரட்டல், பாலியல் மிரட்டல், போலிப் படம் என்றால் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைமில் புகார். மற்றதற்குப் பதிலே கிடையாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று அறிவுரை சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.

19. நான் வக்கீலா இருக்கேன். எம்.பி. ஆனா தொழிலை விடணுமா?

விட வேண்டியதில்லை. மருத்துவராக இருந்தாலும், தொழில் நடத்தினாலும் தடையில்லை. ஆனால் அரசு தரும் ஆதாயமுள்ள பதவியில் இருக்கக் கூடாது. 2006-ல் ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தது உத்தரப்பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவர் பதவியால். அதே ஆண்டு இதே சர்ச்சையில் சோனியா காந்தி தானே ராஜினாமா செய்து, ரேபரேலியில் மறுபடி நின்று ஜெயித்தார். எந்த வாரியத்திலாவது கௌரவப் பதவி தருகிறோம் என்றால், எம்.பி.க்களுக்குச் சட்டத்தில் விலக்கு உள்ள பதவியா என்று முதலில் பாருங்கள்.

20. எம்.எல்.ஏ.வா இருந்துக்கிட்டே எம்.பி.யாவும் இருக்கலாமா?

கூடாது. எம்.பி.யாகத் தேர்வானது அரசிதழில் வந்த 14 நாட்களுக்குள் சட்டமன்றப் பதவியை விட வேண்டும். விடாவிட்டால் போவது எம்.பி. பதவிதான்.

21. சஸ்பெண்ட், நீக்கம், தகுதி இழப்பு — இதெல்லாம் ஒண்ணா?

மூன்றும் வேறு. சஸ்பெண்ட் என்பது குறிப்பிட்ட நாட்களுக்கு அவைக்குள் வராமல் தடுப்பது. அந்தக் காலத்தில் தினப்படி இல்லை, குழுக்களிலும் கலந்துகொள்ள முடியாது, ஆனால் எம்.பி. பதவி அப்படியே இருக்கும். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இப்படி வெளியேற்றப்பட்டார்கள்; கனிமொழியும் ஜோதிமணியும் அதில் உண்டு.

நீக்கம் என்றால் அவையே ஓட்டெடுத்து உறுப்பினர் பதவியைப் பறிப்பது. 2023 டிசம்பர் 8-ல் மேற்கு வங்க எம்.பி. மஹுவா மொய்த்ரா அப்படி நீக்கப்பட்டார். பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டார் என்பது குற்றச்சாட்டு, அதை அவர் மறுத்தார். கேள்வி இணையதளத்தின் பாஸ்வேர்டைப் பகிர்ந்ததும் விசாரணையில் முக்கியமாக இருந்தது. நீக்கப்பட்டவர் மறுபடி நிற்கத் தடையில்லை. 2024-ல் அதே கிருஷ்ணாநகரில் நின்று ஜெயித்து வந்தார்.

தகுதி இழப்பு சட்டப்படி வருவது. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தால் உடனே பதவி போகும். விடுதலையான பிறகும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. மேல்முறையீடு செய்து பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முன்பு வழி இருந்தது. அதை அடைத்தது 2013-ல் லில்லி தாமஸ் என்ற பெண் வழக்கறிஞர் தொடுத்த வழக்கின் தீர்ப்பு.

22. அவைக்குள்ள என்ன பேசினாலும் கேஸ் போட முடியாதாமே? லஞ்சம் வாங்கினாலும் அப்படியா?

பேச்சுக்கும் ஓட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. அதே பேச்சை வெளியே பொதுக்கூட்டத்தில் திரும்பச் சொன்னால் கிடையாது. லஞ்சத்துக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஜார்க்கண்டில் எம்.எல்.ஏ.வாக இருந்த சீதா சோரன் தொடர்பான வழக்கு அது. 1998-ம் ஆண்டின் பழைய தீர்ப்பு அதோடு தள்ளுபடி.

23. மக்கள் ஓட்டே வாங்காம மத்திய மந்திரி ஆக முடியுமா?

முடியும். அமைச்சராகப் பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்கு உறுப்பினராகிவிட வேண்டும், அவ்வளவுதான். நிர்மலா சீதாராமன் 2014-ல் ஆந்திரா வழியாகவும், பிறகு கர்நாடகா வழியாகவும் மாநிலங்களவைக்கு வந்தவர். பாதுகாப்பு, நிதி இரண்டு துறைகளையும் அங்கிருந்துதான் பார்த்தார். 1966-ல் இந்திரா காந்தி பிரதமரானபோதும் மாநிலங்களவை உறுப்பினர்தான்.

24. ஒரு தடவை தோத்துட்டா அவ்வளவுதானா?

2019-ல் தூத்துக்குடியில் கனிமொழி ஜெயித்தார், தமிழிசை சௌந்தரராஜன் தோற்றார். அதே ஆண்டு தமிழிசை தெலங்கானா ஆளுநரானார். 2024-ல் அதை ராஜினாமா செய்துவிட்டு வந்து தென்சென்னையில் நின்றார், மறுபடி தோற்றார், கட்சி வேலையைத் தொடர்கிறார். கனிமொழியோ 2007 முதல் பன்னிரண்டு ஆண்டு மாநிலங்களவையில் இருந்துவிட்டு, அப்புறம்தான் நேரடித் தேர்தலுக்கு வந்தார். ஆளுக்கு ஆள் பாதை வேறு.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: எவ்வளவு குறுகிய காலம் எம்.பி.யாக இருந்திருந்தாலும் மாதம் 31,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. ஐந்தாண்டுக்கு மேல் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 கூடும். தோற்றவர்களுக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வரும். ஆண் தோற்றால் மாவட்டச் செயலாளர் பதவியோ வாரியமோ கிடைக்கும். பெண்ணை மகளிரணிக்கு அனுப்புவார்கள். ஜெயித்த நாளிலேயே கட்சியின் மாவட்டப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சீட் யாருக்கு என்று பேசுகிற அறைக்குள் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.